பல்லவி இல்லாத பாட்டு: எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலும் கார்டன் லைட்ஃபுட்டும்

ஆறரை நிமிடம் ஓடும் அந்தப் பாட்டில் ஒரே ஒரு மனிதரின் பெயர்தான் வருகிறது. கப்பல் மூழ்கிய இரவில் அவர் அதில் இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் அவர். நிறுவனம் முதலீடாக ஒரு சரக்குக் கப்பலைக் கட்டியது. தலைவரின் பெயரையே அதற்கு வைத்தது. எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். இறந்துபோன 29 பேரில் ஒருவருடைய பெயரும் பாட்டில் கிடையாது. கேப்டன் வெறும் கேப்டன், சமையற்காரர் வெறும் கிழச் சமையற்காரர்.

கனடாவின் கார்டன் லைட்ஃபுட் 1975 டிசம்பரில் பதிவுசெய்த இந்தப் பாட்டு நாட்டார் ராக் இசையின் பெரிய கதைப்பாட்டுகளில் ஒன்று. நடந்த ஒரு விபத்தை, நடந்து சில வாரங்களுக்குள், பத்திரிகைச் செய்தியிலிருந்து எடுத்து எழுதியது. விபத்துக்கான காரணம் அப்போது யாருக்கும் தெரியாது, ஐம்பது ஆண்டுகள் கழித்தும் உறுதியாகத் தெரியாது. அப்படி எழுதப்பட்ட பாட்டில் பிழைகள் இல்லாமல் இருக்காது. அந்தப் பிழைகளில் எவற்றைப் பாடகர் திருத்தினார், எவற்றை அப்படியே விட்டுவிட்டார் என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கப்பல்

எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1958-இல் டெட்ராய்ட்டை ஒட்டிய ரிவர் ரூஜ் தளத்தில் நீரில் இறக்கப்பட்டபோது வட அமெரிக்கப் பேரேரிகளிலேயே மிகப் பெரிய கப்பல். நீளம் 729 அடி. பெயர் சூட்டு விழாவில் காப்பீட்டுத் தலைவரின் மனைவி ஷாம்பெயின் புட்டியை மூன்று முறை அடித்த பிறகே அது உடைந்தது. விபத்துக்குப் பிறகு இதைச் சகுனமாகச் சொன்னவர்கள் உண்டு. அதற்கு முன் பதினேழு ஆண்டுகள் அந்தக் கப்பல் பெரிய விபத்து எதுவும் இல்லாமல் தாது சுமந்ததை அவர்கள் சொல்வதில்லை.

பேரேரி என்றவுடன் நம் மனத்தில் வருவது ஊர் ஏரியின் பெரிய வடிவம்தான். சுப்பீரியர் ஏரி அப்படிப்பட்டதல்ல. பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், மிக ஆழமான இடம் 400 மீட்டரைத் தாண்டும். நன்னீர்க் கடல் என்று சொல்லிவிடலாம். நவம்பரில் கோடையின் வெப்பம் இன்னும் நீரில் மிச்சமிருக்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். இரண்டும் மோதும்போது எழும் புயலுக்கு அங்குள்ள மாலுமிகள் மாதத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1913 நவம்பரில் ஒரே புயலில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். 1958 நவம்பரில் கார்ல் டி. பிராட்லி மூழ்கி 33 பேர், 1966 நவம்பரில் டேனியல் ஜே. மாரெல் உடைந்து 28 பேர். பேரேரிக் கரைகளுக்கு வெளியே இந்தப் பெயர்களை அறிந்தவர்கள் குறைவு. ஃபிட்ஸ்ஜெரால்டை உலகம் அறியும். அதற்குக் காரணம் கப்பலில் இல்லை, பாட்டில் இருக்கிறது.

1975 நவம்பர் 9 பிற்பகலில் விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரியின் பெயரையே தாங்கிய சுப்பீரியர் என்ற துறைமுகத்திலிருந்து ஃபிட்ஸ்ஜெரால்ட் புறப்பட்டது. சரக்கு 26,116 டன் டாகனைட்: இரும்புத் தாதைப் பொடித்துச் சலித்து, கோலிக்குண்டு அளவில் உருட்டிச் சுட்டவை. போக வேண்டிய இடம் டெட்ராய்ட் அருகே ஸக் தீவிலிருந்த எஃகு ஆலை. கேப்டன் எர்னஸ்ட் மெக்சோர்லிக்கு 63 வயது, ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற இன்னொரு தாதுக் கப்பல் சில மைல் பின்னால் வந்தது. காற்று வலுக்கும் என்ற எச்சரிக்கை வந்ததும் இரண்டும் வழக்கமான பாதையை விட்டு, கனடியக் கரையின் மறைவை நாடி வடக்கே போயின.

மறுநாள் நடந்தவற்றில் நமக்குத் தெரிபவை எல்லாம் வானொலி வழியாக வந்தவை. பிற்பகல் மூன்றரை மணி அளவில் மெக்சோர்லி ஆண்டர்சனிடம் சொன்னது: மேல்தளக் கம்பி வேலி சரிந்துவிட்டது, காற்றுக் குழாய் மூடிகள் இரண்டு போய்விட்டன, கப்பல் ஒரு பக்கம் சாய்கிறது, பம்புகள் ஓடுகின்றன. நாலு மணிக்கு மேல் ரேடாரும் செயலிழந்தது. அன்று பார்த்து ஒயிட்ஃபிஷ் முனையின் விளக்கும் வானொலிக் குறியொலியும் மின்தடையால் நின்றுபோயிருந்தன. முன்னால் போகும் கப்பலுக்குப் பின்னால் வருபவர்கள் வழி சொல்ல வேண்டிய நிலை. இரவு 7.10-க்கு ஆண்டர்சனின் முதல் அதிகாரி, உங்கள் சிக்கல் எப்படியிருக்கிறது என்று கேட்டார். சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. சில நிமிடங்களில் ரேடார் திரையில் அந்தப் புள்ளி இல்லை. அபாய அழைப்பு எதுவும் வரவில்லை. பாதுகாப்பான ஒயிட்ஃபிஷ் விரிகுடா அங்கிருந்து 17 மைல்.

உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கப்பல் 530 அடி ஆழத்தில் இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது: முன்பகுதி நிமிர்ந்து, பின்பகுதி குப்புற.

பத்திரிகைப் பக்கம்

நவம்பர் 11 காலை டெட்ராய்ட்டில் மாலுமிகள் ஆலயத்தின் பாதிரியார் ரிச்சர்ட் இங்கால்ஸ் தனியாகப் போய் மணியை 29 முறை அடித்தார். இரண்டு வாரம் கழித்து நியூஸ்வீக் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஏரி தன்னிடம் வந்த பிணங்களைத் திருப்பித் தருவதில்லை என்று சிப்பேவா பழங்குடியினரின் ஐதீகம் சொல்கிறது என்று அது தொடங்கியது. ஏரிக்கு அவர்கள் இட்டதாகச் சொல்லப்பட்ட கிச்சே கூமீ என்ற பெயரும் அதே வரியில் இருந்தது. ஆலய மணியும் கட்டுரையில் இருந்தது.

லைட்ஃபுட் அதைப் படித்தார். பாட்டின் முதல் வரியையும் கடைசிச் சரணத்தையும் கேட்டுவிட்டு அந்தக் கட்டுரையின் தொடக்கத்தைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: பாட்டு அந்த வாக்கியத்தை ஏறத்தாழ அப்படியே தூக்கிக்கொண்டது. பழங்குடிப் பாடலின் எதிரொலி என்று பலர் நினைப்பது ஒரு செய்தி இதழின் முகப்பு வாக்கியம். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. கதைப்பாட்டுக்காரர்கள் எப்போதும் செய்தது இதுதான். நம் ஊரில் கொலைச்சிந்தும் வெள்ளச்சிந்தும் கட்டி, காலணா அச்சுப் புத்தகமாகச் சந்தையில் பாடி விற்றவர்களுக்கும் மூலம் ஊர்ப்பேச்சும் செய்தித்தாளும்தானே.

ஐதீகத்துக்கு அடியில் ஓர் இயற்பியல் இருக்கிறது. ஆழத்தில் அந்த ஏரியின் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 4 டிகிரி. அந்தக் குளிரில் பாக்டீரியா வேலை செய்வதில்லை. உடலில் வாயு சேர்வதில்லை. உடல் மிதந்து மேலே வருவதில்லை. பிணம் திரும்பாது என்பது கவிதைக்காகச் சொன்னது அல்ல, கண்டறிந்து சொன்னது.

கட்டுரையில் அவரை உறுத்தியது வேறொன்று. கப்பலின் பெயரை அச்சில் தவறாகப் போட்டிருந்தார்கள், ஓர் எழுத்து மாறி. செத்துப்போன 29 பேருக்கு இது மரியாதையா என்று அவருக்குப் பட்டது. பாட்டு எழுதத் தூண்டியவற்றுள் அந்த அச்சுப்பிழையும் ஒன்று. பிழையைக் கண்டு கொதித்து எழுதியவர் தாமே எத்தனை பிழை செய்தார் என்பதற்கு வருகிறேன்.

மெட்டு முன்பே கையில் இருந்தது. மூன்றரை வயதில் கேட்ட ஒரு பழைய ஐரிஷ் ஒப்பாரியிலிருந்து அது வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். இசை என்று தம் மனத்தில் முதலில் பதிந்தவற்றில் அதுவும் ஒன்றாம். மெட்டு இருந்தது, அதற்கேற்ற கதை இல்லை. கதை வந்ததும் பழைய செய்தித்தாள்களை வாங்கிச் சேர்த்து, நிகழ்ச்சிகளை நேர வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு எழுதினார். பாட்டைக் கேட்கும்போது இந்த வேலைமுறை தெரிகிறது. புறப்பாடு, மாலைக் காற்று, விடியல், பிற்பகல், ஏழு மணி, விளக்குகள் மறைந்தது, தேடல், ஆலயம் என்று ஒரு விசாரணை அதிகாரியின் குறிப்பேடு போல நகர்கிறது. பல்லவி கிடையாது. ஒரே மெட்டில் சரணத்தின் மேல் சரணம், இடையிடையே கிட்டார். திரும்பி வந்து இளைப்பாற ஓர் இடத்தைப் பாட்டு தருவதே இல்லை. கரைக்கு வராத கப்பலைப் பற்றிய பாட்டுக்கு வேறெந்த அமைப்பும் பொருந்தியிருக்காது என்றே நினைக்கிறேன்.

விபத்துச் செய்தியைப் பாட்டாக்குவது அவருக்குப் புதிதல்ல. 1965 நவம்பரில் யார்மவுத் காசில் என்ற பயணிகள் கப்பல் தீப்பிடித்து 90 பேர் இறந்ததைப் பற்றி ஏற்கெனவே ஒரு பாட்டு எழுதியிருந்தார். 1967-இல் டெட்ராய்ட்டில் நடந்த கலவரத்தைப் பற்றி எழுதிய பாட்டை அமெரிக்காவின் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அதோடு அவர் பாய்மரப் படகு ஓட்டுபவர். ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவில் காற்றோடு பழகியவர். கம்பிகளில் காற்று கோள்மூட்டுவது போல ஒலிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி வருகிறதே, அது எந்தச் செய்தித்தாளிலும் கிடைத்திருக்காது.

ஆனாலும் தயங்கினார். உண்மையான மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், குடும்பங்கள் இருக்கின்றன, ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டால்? தயாரிப்பாளர் லென்னி வாரன்கர் அவருக்குச் சொன்னது, உனக்கு வருவதைச் செய், கதையைச் சொல், அவ்வளவுதான் என்று. நல்ல யோசனை. பின்னால் வந்த தொல்லை எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

ஒரு தலையசைப்பு

1975 டிசம்பரில் டொராண்டோவின் ஈஸ்டர்ன் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் புதிய இசைத்தட்டுக்கான பதிவு நடந்துகொண்டிருந்தது. முன்னணி கிட்டார் டெரி க்ளெமென்ட்ஸ், பெடல் ஸ்டீல் கிட்டார் பீ வீ சார்ல்ஸ், பேஸ் ரிக் ஹேன்ஸ், டிரம்ஸ் பாரி கீன். திட்டமிட்ட பாட்டுகள் முடிந்து நேரம் மிச்சமிருந்தது. இடைவேளைகளில் லைட்ஃபுட் தனியாக மீட்டிக்கொண்டிருந்த அந்தக் கப்பல் பாட்டைப் பதிவு செய்தால் என்ன என்று ஒலிப்பதிவாளர் கென் ஃப்ரீசன் கேட்டார். இன்னும் முடியவில்லை என்று லைட்ஃபுட் இழுத்தார். கடைசியில் சரி என்றார்.

வாத்தியக்காரர்கள் அதைச் சேர்ந்து வாசித்துப் பார்த்ததே இல்லை. எங்கே நுழைய வேண்டும் என்று பாரி கீன் கேட்டதற்கு, நான் தலையசைக்கிறேன் என்று பதில். விளக்குகளை அணைக்கச் சொன்னார். கிறுக்கிவைத்த வரிகளைப் பார்க்க ஒரே ஒரு விளக்கு. பாட்டு தொடங்கியது. சரணம் சரணமாகப் போகிறது, தலையசைப்பு வரவில்லை. கீன் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். காற்று கோள்மூட்டும் அந்தச் சரணம் வரும்போது தலை அசைந்தது. டிரம்ஸ் புயலைப் போல உள்ளே வந்தது.

பிறகு இன்னும் சில முறை முயன்று பார்த்தார்கள். முதல் முறையை எதுவும் மிஞ்சவில்லை. இன்று நாம் கேட்பது அந்த முதல் பதிவு. அந்தக் குழு அந்தப் பாட்டை வாழ்நாளில் முதன்முறையாக வாசித்த பதிவு அது. இதில் மந்திரம் ஏதுமில்லை. பழகிய குழு ஒரு பாட்டை அறியாமல் வாசிக்கும்போது ஒவ்வொருவரும் பாடகரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலங்காரம் செய்யத் துணிய மாட்டார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று கப்பலில் இருந்தவர்களுக்கும் தெரியாது, அன்று அந்த அறையில் வாசித்தவர்களுக்கும் தெரியாது. நான்காம் முறை வாசிக்கும்போது கதை தெரிந்துவிடுகிறது.

1976 கோடையில் இசைத்தட்டு வந்தது. வானொலிப் பாட்டு மூன்று நிமிடம் என்றிருந்த காலத்தில் ஆறரை நிமிட ஒப்பாரி கனடாவில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம் பிடித்தது. அமெரிக்காவில் முதலிடத்தைத் தடுத்தது ராட் ஸ்டூவர்ட்டின் காதல் பாட்டு ஒன்று. அதுவும் நவம்பர் மாதம். கப்பல் மூழ்கிச் சரியாக ஓராண்டு.

பிழைகளின் கணக்கு

பாட்டு சொல்வதையும் பதிவேடுகள் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கப்பல் க்ளீவ்லாந்துக்குப் போகிறது என்கிறது பாட்டு. போனது டெட்ராய்ட்டுக்கு. விஸ்கான்சினில் ஏதோ ஓர் ஆலையிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. ஏற்றியது ரயில் நிறுவனத்தின் தாதுத் துறையில். அங்கே ஆலை இல்லை. டெட்ராய்ட் ஆலயத்தைப் பேராலயம் ஆக்கி, பெயரையும் மாற்றிவிட்டது. அதன் உட்புறம் பூஞ்சை வாடை அடிப்பதாகவும் சொன்னது. இன்னும் 15 மைல் கடந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்கிறது. 17 என்பது கணக்கு, இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கற்பனைகள் தனி. கொந்தளிப்பில் சோறு போட முடியாது என்று கிழச் சமையற்காரர் மேல்தளத்துக்கு வந்து சொல்கிறார். பிறகு ஏழு மணிக்கு, உங்களோடு பழகியதில் மகிழ்ச்சி என்று விடைபெறுகிறார். யாரும் பிழைக்கவில்லை, யார் கேட்டது? கப்பலின் வழக்கமான சமையற்காரர் அந்தப் பயணத்தில் நோயால் கரையிலேயே தங்கிவிட்டார், போனவர் மாற்று ஆள். ஆனால் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மரணச் செய்தி வருவது எவ்வளவு சரியாக இருக்கிறது! வானொலியில் கேப்டன் சொன்னவை உலகம் கேட்டவை. கீழ்த்தட்டில் இருந்த இருபத்தெட்டு பேருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பாட்டு அந்த இடத்தை நிரப்புகிறது. கதைப்பாட்டில் கற்பனைக்கு உரிமை உள்ள இடம் அதுதான்.

வினையாக முடிந்தது இன்னொரு வரி. அதே ஏழு மணிக்கு முக்கியச் சரக்கறை மூடி ஒன்று உள்வாங்கிவிட்டது என்று பாட்டு சொன்னது.

கப்பலின் மேல்தளத்தில் 21 வாய்கள். ஒவ்வொன்றையும் மூட ஓர் எஃகு மூடி. ஒவ்வொரு மூடியையும் பிடித்து இறுக்க 68 பிடிப்பான்கள். மொத்தம் 1,428. அத்தனையையும் கையால் இறுக்க வேண்டும். பாட்டு எழுதப்பட்டபோது விசாரணை முடியவில்லை. அந்த வரி அப்போது ஊகம் மட்டுமே. 1976 மே மாதம் நீருக்கடியில் படமெடுத்தார்கள். பல பிடிப்பான்கள் சேதமின்றித் தெரிந்தன. இறுக்கியிருந்தால் வளைந்தோ உடைந்தோ இருக்க வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. 1977-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் முடிவை வெளியிட்டது: மூடிகள் சரியாக அடைபடாததால் சரக்கறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நீர் புகுந்திருக்கலாம் என்று. அப்படியானால் மூட வேண்டியவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. செத்தவர்கள்தான்.

1978-இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வேறு விதமாகச் சொன்னது: பேரலையின் கனம் தாங்காமல் மூடி ஒன்றோ பலவோ நொறுங்கி விழுந்திருக்க வேண்டும். கவனித்துப் பார்த்தால் லைட்ஃபுட்டின் வரி இந்த இரண்டாம் முடிவுக்கே நெருக்கம். உள்வாங்கியது என்றால் அலை செய்தது. ஆள் செய்யாமல் விட்டது அல்ல. ஆனால் கேட்பவர்களின் காதில் முதல் அறிக்கை ஏறிவிட்டது. அதன் பிறகு மூடி என்ற சொல் வந்தாலே பிடிப்பானை இறுக்காத கை நினைவுக்கு வரும். எழுதியபோது குற்றமற்றிருந்த வரி, பின்னால் வந்த ஓர் அரசாங்க அறிக்கையால் குற்றச்சாட்டாக மாறிவிட்டது. ஒரு பாட்டுக்கு இப்படி நேர்ந்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

வேறு காரணங்களும் பேசப்பட்டன. கப்பல் நிறுவனங்களின் சங்கம் காவல்படையின் முடிவை ஏற்கவில்லை. காரிபூ தீவை ஒட்டிய திட்டில் கப்பலின் அடிப்பகுதி உரசி, அங்கேயே அது சேதமடைந்துவிட்டது என்றது. 1976-இல் கனடிய நீரளவைத் துறை அளந்தபோது, அந்தத் திட்டு வரைபடத்தில் காட்டியிருந்ததைவிடக் கிழக்கே ஒரு மைல் நீண்டிருப்பது தெரிந்தது. இன்னொரு கணக்கும் இருக்கிறது: 1969, 1971, 1973 ஆண்டுகளில் காவல்படை விதிகளைத் தளர்த்தியதால், கட்டியபோது அனுமதித்ததைவிட மூன்றேகால் அடி கூடுதலாக அந்தக் கப்பல் நீரில் அமிழ்ந்து போகலாம் என்றாகியிருந்தது. அதாவது அலைக்கும் மூடிக்கும் நடுவே மூன்றேகால் அடி குறைந்தது. யாரைக் கேட்டால் யாரைப் பழி சொல்வார்கள் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

லைட்ஃபுட் நியாயமாக நடந்துகொண்ட ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். விளக்குகள் மறைந்த பிறகு வரும் சரணத்தில், இரண்டாகப் பிளந்திருக்கலாம், கவிழ்ந்திருக்கலாம், ஆழத்தில் உடைந்து நீர் புகுந்திருக்கலாம் என்று எல்லா வழிகளையும் திறந்து வைக்கிறார். ஒரு சரணத்தில் தெரியாது என்றவர் இன்னொன்றில் மூடி என்று அடித்துச் சொன்னதுதான் பாட்டுக்குள் இருக்கும் முரண்.

எதைத் திருத்தினார்

டெட்ராய்ட் ஆலயத்தைச் சேர்ந்த ஒருவர் அவரிடம், எங்கள் ஆலயத்தில் பூஞ்சை வாடை ஒன்றும் அடிக்காது என்றார். அன்றிலிருந்து மேடையில் அந்தச் சொல்லுக்குப் பதில் நாட்டுப்புற எளிமையைக் குறிக்கும் வேறொரு சொல்லைப் பாடினார். பேராலயம் பேராலயமாகவே இருந்தது.

2010-இல் இன்னொன்று. கனடியத் தயாரிப்பான ஓர் ஆவணத் தொடருக்காக ஆராய்ந்தவர்கள், மூழ்கியதற்குக் காரணம் இயல்புக்கு மீறிய ராட்சத அலை, மூடிகளைச் சரியாக அடைக்காதது அல்ல என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். பாட்டைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது லைட்ஃபுட்டுக்கு அது தெரிய வந்தது. மேல்தளப் பணியாளர்களின் குடும்பத்துப் பெண்கள் அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் குன்றிப்போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மூடிகள் அவர்களுடைய ஆண்களின் பொறுப்பு. 34 ஆண்டு பாடிய வரியை 71 வயதில் மாற்றினார். ஏழு மணிக்கு மூடி உள்வாங்கியது போய், ஏழு மணிக்கு இருட்டியது என்று ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. நவம்பர் 10 அன்று அந்தப் பகுதியில் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். ஏழு மணிக்குப் புதிதாக இருட்ட எதுவும் இல்லை. பழைய வரியாவது உண்மையாக இருக்க வாய்ப்பிருந்தது. அதை விட்டுவிட்டு, நிச்சயமாகத் தவறான ஒன்றை வைத்தார்.

க்ளீவ்லாந்தைத் திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. ஆலையை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. 15 மைலை 17 ஆக்குவதற்கு ஒரு நொடி போதும். சரிபார்ப்பவரின் கண்ணோடு அவர் பாட்டைப் பார்க்கவே இல்லை. ஆலயக்காரருக்குத் தம் வழிபாட்டு இடத்தைப் பற்றிய வருத்தம், அந்தப் பெண்களுக்குத் தம் வீட்டு ஆண்களைப் பற்றிய வருத்தம்: யாரோ ஒருவரைக் குத்திய சொற்களை மட்டும் அவர் எடுத்தார். யாரையும் குத்தாத பிழைகள் இன்றும் அப்படியே மிதக்கின்றன. பத்திரிகையில் ஓர் எழுத்து மாறியதற்குக் கொதித்தவர் இவ்வளவு பிழைகளோடு எப்படி வாழ்ந்தார் என்று முதலில் வியந்தேன். அந்தக் கொதிப்பும் அச்சுத் திருத்தம் பற்றியது அல்லவே. இறந்தவர்களின் மரியாதையைப் பற்றியது. இரண்டும் ஒரே மனம்தான்.

பாட்டின் வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் டெட்ராய்ட் ஆலயத்தில் அந்த 29 பேருக்காக மணி ஒலித்தது. ஏரிகளில் அதற்கு முன் இறந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தனி மணி இல்லை. 2006-இல் ஆலயம் அதை எல்லா மாலுமிகளுக்குமான நினைவுநாளாக விரித்தது. பிராட்லிக்கும் மாரெலுக்கும் பாட்டு இல்லாமல் போனதற்கு யாரையும் நோவதற்கில்லை. ஆனால் ஒரு நல்ல பாட்டு எதை நினைவில் நிறுத்துகிறதோ அதன் பக்கத்தில் இருப்பதை மறைத்தும் விடுகிறது.

மெட்டின் கதை தனியாக ஒரு சுற்று வந்தது. ஐரிஷ் ஒப்பாரி என்று அவர் எடுத்துக்கொண்ட மெட்டு அயர்லாந்துக்கே திரும்பிப் போயிற்று. பெல்ஃபாஸ்ட் அருகே மேஸ் சிறையில் இருந்த ஐரிஷ் விடுதலைப் போராளி பாபி சாண்ட்ஸ், ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஐரிஷ் கைதிகளின் கப்பல் பயணத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். 1981-இல் அங்கேயே உண்ணாநோன்பில் இறந்தார். அவருடைய வரிகளை லைட்ஃபுட்டின் மெட்டில் ஐரிஷ் பாடகர் கிறிஸ்டி மூர் 1984-இல் பதிவு செய்தார். அயர்லாந்தின் மதுக்கூடங்களில் அதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது சுப்பீரியர் ஏரி வழியாக வந்தது என்று தெரியுமோ.

1995-இல் குடும்பங்களின் வேண்டுகோளை ஏற்று கப்பலின் மணியை மேலே எடுத்தார்கள். அது இப்போது ஒயிட்ஃபிஷ் முனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பதிலாக 29 பெயர்களும் பொறித்த புதிய மணி ஒன்றை ஏரியின் அடியில் வைத்தார்கள். பாட்டில் இல்லாத பெயர்கள் அங்கே இருக்கின்றன, 530 அடி ஆழத்தில், படிக்க யாருமில்லாத இருட்டில்.

லைட்ஃபுட் 2023 மே 1 அன்று இறந்தார், 84 வயது. மறுநாள் டெட்ராய்ட் ஆலயத்தில் மணி 30 முறை ஒலித்தது.

2010-இல் வரியை மாற்றியபோது அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பதிப்புரிமை பெற்ற மூலப் பாடத்தில் கை வைக்க மாட்டேன், மேடையில் பாடும்போது மட்டும் மாற்றிப் பாடுவேன் என்று. அந்தத் திருத்தம் இசைத்தட்டில் ஏறவில்லை. அவர் குரலோடுதான் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 10 வந்தால் வானொலி நிலையங்கள் எடுத்துப் போடுவது டொராண்டோவில் ஒற்றை விளக்கின் கீழே பாடிய அந்த முதல் பதிவைத்தான். அதில் இன்றும் ஏழு மணிக்கு மூடி உள்வாங்குகிறது.